செங்காந்தளுக்கு ஆன மூன்று ஆடிகள்

2024 பிப்ரவரி கடைசி வாரம் மேட்டுப்பாத்தியைக் கிளறி, கையுறை போட்ட கையால் மண்ணை உதறி, எடுத்த கிழங்குகளைச் சாக்கின்மேல் வரிசையாகப் பரப்பி எண்ணினேன். 15 இருந்தது. போன ஆடியில் நட்டது 9. அதற்கு முந்தின வருஷம் 8 நட்டுக் கடைசியில் 4 தேறியது. அதற்கும் முந்தின வருஷம் 6 நட்டு ஒன்றுகூடத் தங்கவில்லை. நட்டதைவிட எடுத்தது கூடுதலாக வந்தது இதுதான் முதல் தடவை. ஆசைப்பட்டு வாங்கி வந்து அழுகக் கொடுத்தவர்கள் என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு கோவில்பட்டிக்குப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தைப் பூச்சிகளுக்காகவே விட்டிருக்கிறோம். மஞ்சள் பூச்சிகளுக்கு ஆவாரை, வெந்தய வரியனுக்கு எருக்கு, கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், தேனீக்களுக்குத் தும்பை, துளசி. இதெல்லாம் சொல்லாமலே வளரும். செங்காந்தள் மட்டும் வேண்டுமென்று தேடிப் போய் வைத்தது. அதற்குக் காரணம் அம்மா. அவள் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், செவல் காடு. ஓடையோரத்து முள்வேலியில் ஐப்பசி, கார்த்திகையில் நெருப்புப் பிடித்த மாதிரிப் பூத்துக் கிடக்கும் என்பாள். பிறகு அந்த நிலத்தை மனையாக்கினார்கள். வேலியை எந்திரம் வைத்து ஒரே நாளில் வழித்துப் போட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பூவை அந்த இடத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

நடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் செடியில் வேர் முதல் விதை வரை எல்லாமே விஷம். கிழங்கும் விதையும் மிகக் கொடிய விஷம். வள்ளிக்கிழங்கு, சீனிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். நம் மாநிலப் பூதான், கொங்குப் பக்கம் இதையே கண்வலிக் கிழங்கு என்று வயலில் போட்டு, மருந்துக்காக விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். கீல்வாதத்துக்குக் கொடுக்கிற கோல்சிசின் மருந்து இதிலும் இருக்கிறது. அந்தக் கோல்சிசின்தான் அளவு மீறினால் ஆளைக் கொல்வதும். வீட்டில் தவழும் குழந்தையோ, மண்ணைத் தோண்டுகிற நாயோ, கட்டி வளர்க்கிற ஆடோ இருந்தால் கொஞ்ச வருஷம் பொறுத்திருப்பது நல்லது. எங்கள் பாத்தியைச் சுற்றி இரண்டரை அடி உயரத்துக்குக் கோழி வலை கட்டியிருக்கிறேன். கிழங்கைத் தொடக் கையுறை தனி, தோண்டுகிற கொத்து தனி. எடை போட்ட தராசில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, வேலை முடிந்ததும் அதை எரிக்காத குப்பையில் போட்டுவிடுவேன்.

முதல் ஆடி, 2021. தாராபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது மூலனூர்ப் பக்கம் இதைப் பயிர் செய்கிற ஒரு பெரியவரிடம் 6 கிழங்கு வாங்கினேன். 150 ரூபாய். கலப்பைக் கிழங்கு என்று ஏன் பேர் வந்தது என்பது கையில் வாங்கியதும் புரிந்தது. இரண்டு கிளை, நடுவில் வளைவு, அசல் ஏர்தான். அவர் கிளைகளைப் பிரித்துத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "அம்மிணி, நுனிய மட்டும் பத்தரமாப் பாத்துக்கோங்க. நுனி ஒடஞ்சா அது வெறுங் கெழங்குதானுங்க."

கேட்டுக்கொண்டேன், ஆனால் காதில் ஏற்றிக்கொள்ளவில்லை. உருளைக்கிழங்கு மாதிரி எங்கேயாவது ஒரு கண் முளைத்துவிடும் என்ற நினைப்பு. ஆறையும் ஒரே பையில் போட்டு, துணிமணிகளோடு அமுக்கி, பஸ்ஸில் கால்மாட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் இரண்டின் நுனி ஒடிந்திருந்தது. ஒடிந்த இடம் வெள்ளையாக, மாவு மாதிரி. அதையும் நட்டேன். பெரியவர் சொன்னதுதான் நடந்தது. புரட்டாசியில் தோண்டிப் பார்த்தபோதும் கிழங்கு கெட்டியாகவே இருந்தது, முளை மட்டும் இல்லை. பிரித்த கிழங்கு ஒவ்வொன்றிலும் அந்த நுனியில் இருக்கிற ஒரே ஒரு முளைதான் உயிர்.

மீதி நாலையும் கெடுத்தது மண். எங்கள் கொல்லை சுத்தக் கரிசல். ஒரு அடிக் குழி தோண்டி, பாதிக்குப் பாதி தொழுவுரம் போட்டு நட்டேன். உரம் அரைகுறையாகத்தான் மக்கியிருந்தது, கையில் எடுத்தால் இன்னும் சூடு இருந்தது. நாலில் ஒன்றுதான் வெளியே வந்தது. மற்ற மூன்றையும் தேடியபோது கிழங்கு இருந்த இடத்தில் நாறிய கூழ் இருந்தது. அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். ஒரு அடிக் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்ப்பது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலை பல் தேய்க்கப் போகும்போதும் அடியில் மினுங்கிக்கொண்டிருந்தது. அங்கே எந்தக் கிழங்கை வைத்தாலும் அதே கதிதான்.

வந்த ஒன்றும் தரையில் படுத்துவிட்டது. ஏறுவதற்கு வீட்டில் கிடந்த அரை அங்குல இரும்புக் குழாயை ஊன்றியிருந்தேன். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நூல் மாதிரி நீண்டு சுருண்டு பிடிக்கும். அந்த நூலால் குழாயைச் சுற்ற முடியவில்லை. இரண்டு நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தனக்குள்ளேயே சுருண்டுகொண்டது. அடுத்து புழு வந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் போட்ட அழகான புழு. காந்தள், லில்லி வகைச் செடிகளைத் தின்கிற ஓர் அந்துப்பூச்சியின் புழு இது. அதன் அறிவியல் பெயரே பொலிடெலா குளோரியோசே, செங்காந்தளின் பெயரைத்தான் சுமந்திருக்கிறது. பதறிப்போய் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து, நல்ல வெயில் நேரத்தில், பதினொன்றரை மணிக்கு அடித்தேன். புழுவுக்கு என்ன ஆனதோ, இலை எல்லாம் எண்ணெய்ச் சூட்டில் கருகிவிட்டது. அந்த வருஷம் பூ இல்லை.

இரண்டாவது ஆடிக்கு முதலில் மண்ணைச் சரி செய்தேன். 8 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு மேட்டுப்பாத்தி. ஓரத்துக்கு வீடு கட்டியபோது மிஞ்சிய பழைய செங்கல். சிமெண்ட் வைக்காமல் சும்மா அடுக்கினேன், இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிய வேண்டும் என்பதற்காக. அடியில் 3 அங்குலத்துக்கு உடைந்த செங்கல்லும் ஓடும். அதன்மேல் 28 சட்டி செம்மண், 14 சட்டி மணல், 6 சட்டி நன்றாக மக்கிய தொழுவுரம். உரம் இந்தத் தடவை ஒரு வருஷம் பழசு, காபித்தூள் மாதிரி உதிர்ந்தது. அதில், அழுகல் பூசணத்தை அடக்குகிற டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூசணத் தூள் அரைக் கிலோ கலந்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, பத்து நாள் நிழலில் வைத்திருந்து சேர்த்தேன்.

மணலில் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லவேண்டும். ஆற்றுமணல் கிடைக்காததால் எம்-சாண்ட் வாங்கினேன். அதை அப்படியே கலந்து தண்ணீர் விட்டதும் அதிலிருக்கிற பொடி கீழே இறங்கிச் செம்மண்ணோடு சேர்ந்து இறுகிவிட்டது. ஒரு மூலையில் கலந்து பார்த்தபோதே தெரிந்ததால் தப்பித்தேன். மீதி மூட்டைகளைப் பெரிய டப்பில் கொட்டி, மூன்று தண்ணீர் அலசி, மேலே மிதந்த சாம்பல் நிறக் கலங்கலை வடித்துவிட்டுப் பயன்படுத்தினேன். இரண்டு நாள் முதுகு ஒடிந்தது. ஆனால் பாத்தி முடிந்ததும் அதே ஒரு வாளிச் சோதனையைச் செய்தேன். 20 நிமிஷத்தில் தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

செலவு: செம்மண் குட்டியானை வண்டி வாடகையோடு 1,800, மணல் 6 மூட்டை 360, டிரைக்கோடெர்மாவும், கிழங்கை ஊறவைக்க வாங்கிய சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாத் தூளும் தலா 150, கையுறை 90, புதுக் கிழங்கு 8க்கு 200. ஆகமொத்தம் 2,750 ரூபாய். செம்மண்ணில் கை வைக்காதீர்கள், மற்றதில் சிக்கனம் பார்த்துக்கொள்ளலாம்.

கிழங்குகளை இந்தத் தடவை ஒவ்வொன்றாகத் தினத்தாளில் சுற்றி, நுனிப் பக்கம் கொஞ்சம் வைக்கோல் வைத்து, அட்டைப்பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எடை போட்டுக் குறித்துக்கொண்டேன்: 85, 72, 64, 60, 55, 38, 30, 22 கிராம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் போகும்வரை உலர்த்தி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, இரண்டரை அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டமாக வைத்தேன். முளை நுனி லேசாக மேலே பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எடை எழுதிய குச்சி.

பிறகு காத்திருப்பு. முதல் முளை 14ஆம் நாள் வந்தது, 64 கிராம் கிழங்கு. அடுத்தடுத்து நாலு. 72 கிராம் மட்டும் மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. போன வருஷத்துக் கூழ் கண்ணுக்குள்ளேயே நின்றது. அழுகிவிட்டதா என்று பார்க்கலாம் என்று விரலால் மண்ணை ஒதுக்கினேன். ஒன்றரை அங்குலம் போனதும் ஏதோ ஒன்று விரலில் இடறி, முறுக்கு ஒடிகிற சத்தத்தோடு முறிந்தது. எடுத்துப் பார்த்தேன். தந்தம் மாதிரி வெள்ளை வெளேரென்று, சுண்டுவிரல் கனத்தில், நுனியில் மட்டும் இளம்பச்சை ஏறிய முளை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தானே வெளியே வந்திருக்கும். முறிந்த இடத்தில் தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு நின்றது. எட்டில் இரண்டாவது பெரிய கிழங்கு அது. கடைசியாக வந்த 22 கிராம் கிழங்கு முளைக்க ஐந்து வாரம் ஆனது என்பதைப் பிற்பாடு பார்த்தபோதுதான் எவ்வளவு அவசரப்பட்டேன் என்று தெரிந்தது. ஐந்து வாரம் வரை கை வைக்காதீர்கள். அதற்குமேல் பார்த்தே தீரவேண்டுமென்றால் மேலிருந்து தோண்டாமல், ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் மண்ணை எடுத்துப் பாருங்கள்.

30 கிராம் கிழங்கின் தண்டு அரை அடி வளர்ந்ததும் ஆடிக் காற்றில் ஒடிந்தது. எங்கள் ஊரில் அந்தக் காற்று ஆவணி பாதி வரை விடாது. ஒரு கிழங்குக்கு ஒரே தண்டு, அது போனால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். அடுத்த வருஷம் முளை தெரிந்ததுமே மேற்குப் பக்கம் கூரை ஓடு ஒன்றைச் சாய்த்து வைத்தேன். ஒன்றுகூட ஒடியவில்லை.

கொழுகொம்பில்தான் பெரிய பாடம். மூலனூர்ப் பக்கம் முள்கிளுவையிலும் விராலியிலும் ஏறவிடுகிறார்கள் என்று பெரியவர் சொல்லியிருந்தார். குருமலைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவரிடம் காய்ந்த விராலி மார் ஒரு கட்டு வாங்கி, 4 அடி உயரத்துக்கு நெருக்கமாக ஊன்றி, குறுக்கே தேங்காய் நார்க் கயிறு கட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் ஓர் இலை நுனி விராலிக் குச்சி ஒன்றில் சும்மா பட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அது ஒன்றரைச் சுற்றுச் சுற்றியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பென்சில் கனத்துக்கு மேல் போனால் இதற்குப் பிடி கிடைப்பதில்லை. பென்சிலில் பாதிக் கனம் இருந்தால் ஆனந்தமாக ஏறுகிறது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "வேலியில தானாக் கெடந்ததுக்கு நீ வேலியே கட்டிக் குடுத்திருக்கியேட்டி" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த முள்வேலியில் அதற்கு என்னென்ன கிடைத்ததோ அதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக் கொடுத்தால் போதும். வரப்பு மேடு, அதனால் தண்ணீர் நிற்காது. சருகு மக்கிய லேசான மண். மெல்லிய முள்குச்சி. மாடு கன்று வாய் வைக்க முடியாத மறைப்பு. கோடை முழுக்க ஈரமில்லாமல் காய்ந்த மண்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் அந்த வருஷம் நான் யோசிக்காமல் விட்டேன். அதற்கு வருகிறேன்.

2022 அக்டோபர் 8ஆம் தேதி முதல் பூ. 85 கிராம் கிழங்கின் கொடியில். பூ விரிவதை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது இதழ்கள் கீழே இறங்காமல் மேல்நோக்கி மடங்கும், ஆறும் ஒன்றாகக் கை கூப்பின மாதிரி. முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். அடுத்த நாள் நுனியில் சிவப்பு ஏறும். நாலாம் நாள் அடியில் மட்டும் மஞ்சள், மீதி சிவப்பு. ஒரு வாரத்தில் முழுச் சிவப்பு. இதழின் ஓரம் நெளிநெளியாக இருப்பதால் காற்றில் ஆடும்போது நிஜமாகவே தீ மாதிரிதான் இருக்கிறது. 85 கிராம் கிழங்குக்கு 8 பூ, 64க்கு 6, 60க்கு 4, 55க்கு 3, 38க்கு 2, 22க்கு வெறும் இலைதான். மொத்தம் 23. கிழங்கு வாங்கும்போது 50 கிராமுக்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். சின்னதை வாங்கினால் ஒரு வருஷம் வளர்த்துப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

புழு அந்த வருஷமும் வந்தது. வேப்பெண்ணெயை எடுக்கவே இல்லை. பூச்சிகளுக்கென்று வைத்த தோட்டத்தில் பூத்திருக்கிற கொடிமேல் எதையும் தெளிப்பது சரியாகப் படவில்லை. காலையிலும் மாலையிலும் இலைக்கு அடியில் பார்த்து, முட்டைக் கூட்டம் இருந்தால் இலையோடு கிள்ளினேன். புழு இருந்தால் கையுறையோடு எடுத்து, பூக்காத 22 கிராம் கொடியில் விட்டேன். அந்தக் கொடியை அவை மொட்டையடித்தன. மற்ற ஐந்தும் பிழைத்தன. அதுவும் இந்தச் செடியை நம்பி வாழ்கிற உயிர்தானே, கறிவேப்பிலையைத் தின்கிற புழுவை விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் கொல்வது என்று தோன்றியது. எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன்.

தையில் கொடிகள் பழுத்துக் காய்ந்தன. அறுத்துவிட்டு, கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும், ஆடியில் தானே வரும் என்று விட்டேன். பக்கத்தில் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் சொட்டுநீர்க் குழாய் போகிறது. அதன் ஒரு கிளை இந்தப் பாத்திக்கும் இருந்தது. அதை அடைக்கத் தோன்றவில்லை. சித்திரை, வைகாசி முழுக்க, கிழங்கு உறங்குகிற காலத்தில், தினமும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆனியில் கிளறினேன். ஒவ்வொரு கொடியும் பழைய கிழங்கு வற்றிச் சுருங்கி, புதிதாக இரண்டு கிளை விட்டிருந்தது. ஆனால் பாதிக்குமேல் தொட்டதும் நசுங்கியது. நல்லதாகத் தேறியது 4.

மூன்றாம் ஆடி, 2023. அந்த 4, புதிதாக 5. அதே பாத்தி, மேலே 3 சட்டி மணலும் 2 சட்டி உரமும் சேர்த்தேன். சொட்டுநீர்க் கிளையை அறுத்து மூடி போட்டேன். பூவாளியால் வாரம் இரண்டு தடவை, மழை பெய்தால் அதுவும் இல்லை. ஒன்பதும் முளைத்தன. அக்டோபர் முதல் வாரம் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை 61 பூ.

இந்த வருஷம்தான் பூவுக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். காலை ஏழு முதல் பத்து வரை, ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. கொசுத்தேனீ நிறைய வந்தது. நேராக மகரந்தப் பைக்குப் போய், காலில் அப்பிக்கொண்டு போய்விடும். இந்தப் பூவின் அமைப்பு வேறு மாதிரி. ஆறு மகரந்தத் தண்டும் குடைக்கம்பி மாதிரி வெளிப்பக்கம் விரிந்து நிற்கின்றன. சூல்தண்டு அடியிலேயே முழங்கை மாதிரி மடங்கி ஒரு பக்கமாக நீண்டிருக்கிறது. தேனோ இதழின் அடியில். சின்னப் பூச்சி மகரந்தத்தை எடுத்துப் போகும்போது சூல்முடி இருக்கிற பக்கமே போவதில்லை. கறிவேப்பிலை அழகி வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அது தொங்குகிற பூவின் அடியில் சிறகடித்துக்கொண்டே ஒவ்வோர் இதழாகத் தேன் குடித்துச் சுற்றியது. சுற்றும்போது இறக்கை மகரந்தப் பைகளில் உரசியது. ஒரு தடவை எலுமிச்சை இலையில் வந்து உட்கார்ந்தபோது கிட்டே போய்ப் பார்த்தேன், கறுப்பு இறக்கையின் அடிப்பக்கம் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. ஊதாத் தேன்சிட்டும் ஒரு ஜோடி தினமும் எட்டு மணி வாக்கில் வந்து போகும். பறந்தபடியே ஒரு நொடி, விராலிக் குச்சியில் உட்கார்ந்து ஒரு நொடி, அவ்வளவுதான்.

ஆனால் 61 பூவுக்கு அந்த வருகை போதவில்லை. அதைப் போன வருஷமே பார்த்திருந்தேன், 23 பூவில் காயானது 2. மூலனூர்ப் பக்கம் ஆள் வைத்துக் காலையில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. 20 பூவுக்குச் சிவப்பு நூல் கட்டி, ஒரு கொடியின் மகரந்தப் பையைக் கிள்ளி வேறு கொடியின் சூல்முடியில் தடவினேன். எட்டு மணிக்குமேல், பனி காய்ந்து பை வெடித்த பிறகு. ஈரத்தில் தடவினால் ஒட்டிக்கொண்டு உருள்கிறது. சூல்முடி மூன்றாகப் பிரிந்திருக்கும், மூன்றிலும் பட வேண்டும். அந்த 20ல் 13 காய் பிடித்தது. தானாக விட்ட 41ல் 6. எங்கள் தோட்டத்தில் பட்டாம்பூச்சி இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்த எனக்கு அந்த 6 மனசை உறுத்தியது. வேலியில் பூத்த காலத்தில் யாரும் தடவிவிடவில்லையே.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. எங்கள் பகுதியிலும் விடாமல் அடித்தது. கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். மின்சாரம் இல்லை. விடிந்ததும் பாத்தியைத்தான் போய்ப் பார்த்தேன். சுற்றிக் கரிசல் சேறு குழம்பிக் கிடக்க, பாத்தி மட்டும் தீவு மாதிரி நின்றது. செங்கல் இடுக்குகளில் சிவப்பாகத் தண்ணீர் ஊறி வழிந்துகொண்டிருந்தது. ஈரத்தில் பூசணம் பிடித்து 19 காயில் 7 கறுத்து உதிர்ந்தன. இனி மழை எச்சரிக்கை வந்தால் காய்களுக்கு மேலே ஒரு பாலித்தீன் விரிப்பைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டுவேன். கிழங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பிப்ரவரியில்தான் உறுதியானது.

காய்ந்த காய் மூன்றாக வெடித்து உள்ளே மாதுளை முத்து மாதிரிச் சிவந்த விதை. அதில் 30 எடுத்து ஒரு தட்டில் தனியாக விதைத்திருக்கிறேன். 4 முளைத்திருக்கிறது, புல் மாதிரி ஓர் இலையோடு. பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். மீதி விதையைப் புட்டியில் போட்டு விஷம் என்று எழுதி, பூட்டுகிற அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இனி மாற்ற நினைப்பது: இந்தப் பாத்திக்கு மதியத்துக்கு மேல் கடும் வெயில், அதனால் ஒரு பூ ஒரு வாரம் நிற்பது நாலைந்து நாளில் வதங்குகிறது. இரண்டாவது பாத்தியை எலுமிச்சைக்குக் கிழக்கே போடப் போகிறேன், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும், கறிவேப்பிலை அழகி முட்டையிட வருகிற இடமும் அதுதான். அந்தப் பக்கத்துப் பூவுக்கு மட்டும் நூல் கட்டாமல் விட்டு, தானாக எத்தனை காய்க்கிறது என்று பார்க்க வேண்டும். பூ அதிகம் இல்லாத புரட்டாசியில் பட்டாம்பூச்சி தங்குவதற்கு நாயுருவியும் கிலுகிலுப்பையும் கொஞ்சம் கூடுதலாக. கொம்பு உயரத்தை மூன்றரை அடியாகக் குறைக்கிறேன், 4 அடிக்கு மேலே போன கொடியில் இலையடிப் புழுவைத் தேட ஸ்டூல் போட வேண்டியிருந்தது. எம்-சாண்ட் பக்கமே போவதாக இல்லை.

எடுத்த 15ஐயும் எடை போட்டேன். மிகப் பெரியது 92, மிகச் சின்னது 26. உலர்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில், ஒன்றையொன்று தொடாமல், படிக்கட்டுக்கு அடியில் இருட்டில் வைத்திருக்கிறேன். தண்ணீர் கிடையாது. மாதம் ஒரு தடவை மணலைத் தட்டி, மெத்தென்று ஆனது ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

அதில் 13தான் சட்டியில் இருக்கிறது. அம்மா இரண்டு கேட்டாள். அவள் ஊரில் மனை போட்ட இடத்துக்கு அப்பால், ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு துண்டு வேலி இன்னும் இருக்கிறதாம். கிளுவையும் இலந்தையும், ஆடு நுழையாதபடி நெருக்கமாக. 58 கிராமில் ஒன்று, 61 கிராமில் ஒன்று எடுத்து, தினத்தாளில் சுற்றி, நுனிக்கு வைக்கோல் வைத்துப் பழைய செருப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் நானும் அம்மாவும் கொண்டுபோய் வைப்பதாக இருக்கிறோம்.